இதுல மாரல் என்ன சார்?

நாடகம் முடிந்திருந்தது. சென்னையில் ஒரு சின்ன ஹால். நாற்பது பேர் இருந்திருப்போம். பாதிக்கு மேல் ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்குத் தரையில் ஜமுக்காளம், எங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. நடித்த இருவரும் வியர்வையைத் துடைத்தபடி நிற்க, குழந்தைகள் சுற்றி நின்று அவர்களுடைய குடைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்தார்.

"எல்லாம் நல்லா இருந்துது சார். ஆனா இதுல மாரல் என்ன சார்?"

நடிகர் கொஞ்சம் திணறினார். "மாரல்னு தனியா எதுவும் வைக்கலைங்க."

"அப்ப குழந்தைங்க இதுல இருந்து என்னத்த எடுத்துக்கும்? கடைசியில அந்தப் பெரியவர் செத்துப்போயிடறார். சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் தேவையா?"

நாலைந்து பெற்றோர்கள் தலையாட்டினார்கள். என் தலையும் லேசாக ஆடியது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஆட்டம்தான்.

நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவோரத்தில் குடை ரிப்பேர் செய்யும் ஒரு தாத்தா. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ளும் ஒரு பையன். வசனம் மிகக் குறைவு. கம்பி ஒடிந்த குடை ஒன்று வவ்வால் ஆகிறது, கவிழ்த்துப் போட்டால் படகு ஆகிறது, துணி கிழிந்த குடை காக்கா ஆகிறது. குழந்தைகள் சிரித்து உருண்டார்கள். பிறகு ஒருநாள் தாத்தாவின் ஸ்டூல் காலியாக இருக்கிறது. பையன் காத்திருக்கிறான். எழுந்து போய்த் தெருமுனையைப் பார்க்கிறான். திரும்பி வருகிறான். கடைசியில் அந்த ஸ்டூலில் தானே உட்கார்கிறான். முறத்தில் கேழ்வரகை உருட்டி மழைச் சத்தம் எழுப்புகிறார்கள். பையன் ஒரு குடையை விரிக்கிறான். அவ்வளவுதான், நாற்பத்தைந்து நிமிடம்.

அந்த ஸ்டூல் காலியாக இருந்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு, நாலு வயசு இருக்கும், சத்தமாகக் கேட்டது: "தாத்தா எங்க?" பையனாக நடித்தவர் திரும்பி அந்தக் குழந்தையைப் பார்த்தார். அவசரப்படவில்லை. மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இல்லை. ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கு நாலு மாதம் முன்பு என் அப்பா இறந்துபோயிருந்தார். ஐந்து வயது மகளிடம் "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தோம். இரண்டு வாரம் கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. நாடகம் முடிந்து பைக்கில் திரும்பும்போது, சிக்னலில், முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "நம்ம தாத்தாவும் இல்லதானேப்பா?" ஆமாம் என்றேன். "ம்" என்றாள். பச்சை விழுந்தது. வீடு வரைக்கும் பேசவில்லை. படியேறும்போது, "அவர் சேர்ல நான் உக்காரலாமா?" என்றாள்.

இதை நாடகத்தின் 'பயன்' என்று விற்க நான் வரவில்லை. பார்த்தீர்களா, குழந்தைகள் நாடகம் பார்த்தால் துக்கத்தைக் கையாளக் கற்றுக்கொள்கிறார்கள் என்று சொன்னால், நானும் அந்த நாற்காலிக்காரரின் கட்சியில் சேர்ந்தவன் ஆகிவிடுவேன். நான் சொல்ல வருவது வேறு. நாலு மாதமாக நாங்கள் அவளிடம் பேசத் துணியாததை, முன்பின் தெரியாத ஒரு நடிகர், ஒரு தலையாட்டலில், அவளை மதித்துச் சொன்னார். அவளை ஒரு பார்வையாளராக நடத்தினார். தமிழில் குழந்தையை நாம் அப்படி நடத்துவதே இல்லை என்பதுதான் என் புகார்.

*

"ஏன் இல்லை? ஸ்கூல்ல ஆனுவல் டே நடக்குதே?" என்பீர்கள்.

நடக்கிறது. போன வருடம் என் மகள் கிளியாக இருந்தாள். பச்சை உடைக்கு வாடகை, அலகுக்குத் தனியாக ஒரு தொகை. மூன்று மாதம் ஒத்திகை. மேடையில் மூன்றரை நிமிடம். பின்னணியில் பதிவு செய்த குரல் ஓட, நாற்பது கிளிகள் வாயசைத்தன. மேடையின் ஓரத்தில் ஒரு ஆசிரியை குனிந்து நின்றுகொண்டு ஸ்டெப் போட்டுக் காட்ட, நாற்பது கிளிகளும் கதையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கீழே நாங்கள் முந்நூறு பேர் கையைத் தூக்கி மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். தன் முறை முடிந்த ஒவ்வொரு வகுப்பையும் உடனே கிளாஸ்ரூமுக்குக் கூட்டிப்போய் பூட்டாத குறையாக உட்கார வைத்து, ஒரு ஜூஸ் பாக்கெட்டும் கேக்கும் கொடுத்தார்கள். கவனியுங்கள்: அன்று மாலை முழுக்க அந்தப் பள்ளியில் ஒரு குழந்தைகூட ஒரு நிகழ்ச்சியைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

குழந்தை மேடையில், பெரியவர் நாற்காலியில். இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடம் நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. தமிழ் நவீன நாடகத்தின் பெரிய பெயர்கள் பலவும் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்ரபாணியும் வீட்டுக் கஷ்டத்தால் சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர்கள். ராத்திரி முழுக்கக் கோவலனாகவும் வள்ளியாகவும் நின்றது பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளைகள். பார்த்து ரசித்தது பெரியவர்கள். அந்தக் கம்பெனிகள் கொடுத்த கலையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருவருக்காக, அவர் வயதுக்காக, யாராவது ஒரு நாடகம் போட்டார்களா என்று மட்டும் கேட்கிறேன்.

பிறகு டிவி வந்தது. சூப்பர் சிங்கர் வகையறா நிகழ்ச்சிகளில் ஏழு வயதுக் குழந்தை காதல் தோல்விப் பாட்டை உருகி உருகிப் பாடுகிறது, நடுவர்கள் கண் துடைக்கிறார்கள். அது பாய்ஸ் கம்பெனிதான், ஏசி போட்டது.

குழந்தை நடிப்பதில் தப்பில்லை. நடிப்பு விளையாட்டின் பக்கத்து வீடு. ஆனால் எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன் வாசித்துக் காட்டுகிறோம். பேசச் சொல்வதற்கு முன் ஒரு வருடம் பேசிக் காட்டுகிறோம். நாடகத்தில் மட்டும் ஒரு நல்ல நாடகத்தைக்கூடப் பார்த்திராத குழந்தையைத் தூக்கி மேடையில் நிறுத்தி, 'ஆடு' என்கிறோம். அது எதை ஆடும்? ஓரத்தில் நிற்கும் டீச்சரைத்தான் ஆடும்.

*

எனக்கு இது தெரியும், ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலெல்லாம் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம். கூத்துக்கு முன்வரிசை எப்போதும் எங்களுடையது. யாரும் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. வெளிச்சம் வருவதற்கு முன்பே கோணிப்பையும் பாயும் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம். கட்டியங்காரன் எங்களைப் பார்த்துத்தான் முதல் கிண்டலை எடுத்துவிடுவான். ஒருத்தன் மூக்கைப் பிடிப்பான், ஒருத்தனுக்குப் பெண் பார்ப்பான். பாதியில் தூங்கிவிடுவோம். அது குற்றமே இல்லை. முக்கியமான கட்டம் வரும்போது ஆயா முதுகில் தட்டுவாள். "டேய், எழுந்திருடா, துச்சாதனன் வந்துட்டான்." எழுந்து பார்த்தால் தலைக்கு மேல் புஜக்கட்டையும் கிரீடமும் கண்ணுமாக ஒரு உருவம். அலறிக்கொண்டு அவள் மடிக்குள் போவேன். ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்ப்பேன்.

அந்த ஒரு கண்தான் இங்கே விஷயம். பயம் வேண்டும் என்று பார்க்கும் கண். மடி இருக்கிறது என்ற தைரியத்தில் பார்க்கும் கண். யாரும் என்னிடம் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டதில்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. கூத்து குழந்தைகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. கூத்து நடக்கும் திடலில் யார் எங்கே உட்காரலாம் என்பதில் சாதி இருந்தது, இருக்கிறது. ஆனாலும் பொதுச்சபையில் குழந்தைக்கு ஒரு இடம் இருந்தது. தோல்பாவைக்கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடித்துக்கொள்வது யாருக்கு? முதல் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று அந்தக் கலைஞருக்குத் தெரியும். திரைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நாம் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தபோது அந்த முன்வரிசையைத் தொலைத்துவிட்டோம். சபா நாடகத்தில் முன்வரிசை ஸ்பான்சருக்கு. நவீன நாடகத்தில் முன்வரிசை விமர்சகருக்கு. குழந்தை அழுதால் 'கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்க.' மாலில் மட்டும் அதற்கு இடம் உண்டு. அங்கே கார்ட்டூன் உருவத்தின் பஞ்சுத் தலையை மாட்டிக்கொண்டு ஒருவர், உள்ளே வேர்த்து ஊற்ற, பதிவு செய்த ஹிந்திப் பாட்டுக்குக் கையாட்டுவார். அவரால் எதிரே நிற்கும் குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வலை.

*

சரி, மாரலுக்கு வருவோம்.

குழந்தைக்கான எதையும் நாம் மருந்தாகத்தான் கொடுக்கிறோம். தேன் தடவிய மருந்து. கதை என்றால் நீதி. பாட்டு என்றால் சுகாதாரம். நாடகம் என்றால் பிளாஸ்டிக் ஒழிப்பு. மரம் பேசும், தண்ணீர் அழும், கடைசியில் எல்லாரும் கைகோத்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். குழந்தை முட்டாள் இல்லை. இரண்டாவது நிமிடமே அது கண்டுபிடித்துவிடும்: 'ஓ, இது கிளாஸ்.' அப்புறம் அது கிளாஸில் எப்படி உட்காருமோ அப்படி உட்காரும்.

உலகத்தில் இந்தச் சண்டை முடிந்து பல காலம் ஆகிறது. மாஸ்கோவில் குழந்தைகளுக்கான அரங்கை நடத்திய நடாலியா சாட்ஸ், 1936இல் ஒரு இசைக்கதை வேண்டும் என்று போய்க் கேட்டது செர்கேய் புரோகோஃபியெவிடம். நாட்டின் முதல்தர இசையமைப்பாளர். அவர் எழுதிக் கொடுத்ததுதான் 'பீட்டரும் ஓநாயும்.' பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, தாத்தாவுக்கு பாசூன், ஓநாய்க்கு ஹார்ன்கள் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். கதை என்ன? வெளியே போகாதே, ஓநாய் வரும் என்கிறார் தாத்தா. பையன் பேச்சைக் கேட்காமல் போகிறான். போய், ஓநாயைப் பிடிக்கிறான். நம்மிடம் கொடுத்திருந்தால் ஓநாய் பையனைக் கடித்திருக்கும், 'பெரியோர் சொல் கேள்' என்று திரை விழுந்திருக்கும். அதுவும் ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில், சொல்பேச்சு கேட்காத பையனை ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடமே சாட்ஸ் கைதாகி முகாமுக்குப் போனார். அதற்குக் காரணம் இந்தக் கதை அல்ல என்றாலும், எந்த மாதிரி நாட்களில் குழந்தைகளுக்காக இப்படி உழைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மேற்கு பெர்லினில் 1966இல் ஒரு காபரே குழுவிலிருந்து தொடங்கிய குழந்தைகள் அரங்கு பிறகு 'கிரிப்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜெர்மன் பேச்சுவழக்கில் மூளை, புத்தி என்று பொருள். அவர்கள் தேவதைக் கதைகளை மூட்டை கட்டி வைத்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது, அம்மா தனியாக வளர்ப்பது, புதிதாகக் குடிவந்த வெளிநாட்டுப் பையனை அடிப்பது என்று குழந்தையின் நிஜ நாட்களை, குழந்தையின் உயரத்திலிருந்து நாடகம் ஆக்கினார்கள். குழந்தையாக நடிப்பவர்கள் எல்லாம் பெரியவர்கள், தொழில்முறை நடிகர்கள். மோகன் அகாஷே இதை 1980களில் புனேக்குக் கொண்டுவந்தார். மராத்திக்காரர்களுக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. சுதா கர்மார்க்கர் 1959இலேயே மும்பையில் குழந்தைகளுக்கென்று லிட்டில் தியேட்டர் தொடங்கிவிட்டார்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1989இல் குழந்தைகளுக்காகவே ஒரு தனி நாடகக் குழுவை அமைத்தது. பெங்களூரில் 2004இல் அருந்ததி நாக் முயற்சியில் திறக்கப்பட்ட ரங்க சங்கரா, குழந்தைகளுக்கு என்று 'ஆஹா' என்ற தனித் திட்டமே நடத்துகிறது. அதற்கெல்லாம் முன்பே பி.வி. காரந்த் கன்னடத்தில் குழந்தைகளுக்காக 'பஞ்சர சாலெ' செய்தார். தாகூரின் கிளிக் கதைதான் மூலம். ஒரு கிளியைப் படிக்க வைக்க வேண்டும் என்று ராஜா உத்தரவு போட, தங்கக் கூண்டும் பண்டிதர்களும் ஏடுகளுமாகத் திணித்துத் திணித்து, கடைசியில் கிளி செத்துப்போகிறது. குழந்தைகளுக்கான நாடகத்தில் சாவு! என் பக்கத்து நாற்காலிக்காரர் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எனக்குப் போன வருடத்து நாற்பது கிளிகள் ஞாபகம் வருகின்றன.

தமிழில் ஆளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், பெரியவர்களுக்கு 'மண் சுமந்த மேனியர்' எழுதிய அதே கையால் பிள்ளைகளுக்குக் 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார். மௌனகுரு கூத்து ஆய்வோடு நிற்காமல் 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். அவர்களுக்குக் குழந்தைகள் நாடகம் இரண்டாந்தரமாகத் தெரியவில்லை. புதுச்சேரியில் வேலு சரவணன் பல பத்தாண்டுகளாகக் கோமாளி உடையில் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகப் போய் 'கடல் பூதம்' போன்ற நாடகங்களை ஆடிக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த பிள்ளைகள் எந்தக் கணத்தில் நாடகத்துக்குள் வந்துவிட்டார்கள் என்றே தெரியாது.

அப்புறம் என்ன புகார் என்கிறீர்களா? ஒரு மனிதரைக் காட்டி ஒரு சமூகம் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதுதான் புகார். புனே ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. பெங்களூர் ஒரு கட்டடத்தை உண்டாக்கியது. நாம் ஒரு தனிமனிதரை உண்டாக்கிவிட்டு, அவருக்கு ஆனந்த விகடனில் ஒரு பேட்டி எடுத்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம். சென்னையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு நல்ல பேண்டமைம் உண்டு. லிட்டில் தியேட்டர் வருடா வருடம் போட்டு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில். தமிழ் பேசும் குழந்தைக்கு, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, எந்த அரங்குக்குப் போவது? என்னால் கைகாட்ட முடியவில்லை.

*

எதிர்வாதங்கள் மூன்று வரும். வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஒன்று: 'சின்னக் குழந்தைங்க ஒரு இடத்துல உக்காராது.' உட்காராதுதான். உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? இத்தாலியில் பொலோனியா நகரத்து லா பராக்கா குழு 1980களிலிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாடகம் போடுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட என்பதை இன்னொரு முறை வாசியுங்கள். தவழ்கிற குழந்தை மேடைக்குள் தவழ்ந்து வந்தால் அதற்கும் சேர்த்துத்தான் நாடகம் யோசிக்கப்பட்டிருக்கும். சின்ன இடம், குறைந்த ஆட்கள், முப்பது நாற்பது நிமிடம், கண்ணைக் கூசாத விளக்கு, காதைக் கிழிக்காத சத்தம். இது ராக்கெட் சயின்ஸ் இல்லை. குழந்தையைக் கொஞ்ச நேரம் கவனித்தவர்களுக்குத் தெரிகிற விஷயம். கூத்துக்காரனுக்குத் தெரிந்திருந்த விஷயம்.

இரண்டு: 'இப்ப எல்லாம் போன்லயே இருக்கே.' இதற்கு மட்டும் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது என் தொழில்.

குழந்தைகளுக்கான வீடியோ ஆப் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். எங்கள் டீமின் டேஷ்போர்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய எண்: ஒரு குழந்தை ஒரு தடவை திறந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது. அது ஏற வேண்டும். அடுத்த வீடியோ தானாக ஓடுவதற்கு முன் எத்தனை நொடி விட வேண்டும் என்பதை நாங்கள் சோதனை செய்து பார்த்தோம். குறைத்தால் எண் ஏறியது. குறைத்தோம். நான்தான் அந்தக் கோடை மெர்ஜ் செய்தேன். அன்று சாயங்காலம் டீமுக்குப் பிரியாணி.

திரையும் குழந்தையைக் கவனிக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். எந்த நடிகனையும்விட உன்னிப்பாகக் கவனிக்கிறது. ஆனால் அது கவனிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: இருக்கிறதா, போய்விட்டதா. குழந்தை பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கள் டேஷ்போர்டில் அது தெரியாது. அம்மா மடியில் படுத்து ஒரு கண்ணால் பார்த்தால் அது தெரியாது. பாதியில் நிறுத்திவிட்டு, பார்த்ததை வைத்துத் தானே விளையாடப் போய்விட்டால் அது எங்களுக்கு நஷ்டம். சிவப்பு நிறத்தில் வரும். நாடகத்தில் அதுதான் லாபம். அந்தக் குடைத் தாத்தா நாடகத்தில், ஸ்டூல் காலியான கட்டத்தில் ஒரு பெண்குழந்தை விசும்பத் தொடங்கியது. முறத்தை உருட்டிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, மழையைக் கொஞ்சம் தூறலாக்கினார். அந்தக் குழந்தை நிமிர்ந்ததும் மறுபடி பெருமழை. நாற்பது பேரில் ஒருத்திக்காக அந்த ஊரின் மழை மாறியது. இந்த ஃபீச்சரை எங்கள் டீமில் யாரிடம் கொடுத்தாலும் எழுத முடியாது.

மூன்று: 'காசுக்கு எங்க போறது?' இது மட்டும்தான் நேர்மையான கேள்வி. முப்பது நாற்பது குழந்தைகளுக்கு மேல் வைத்தால் நாடகம் கெட்டுவிடும், முப்பது நாற்பது டிக்கெட்டில் ஹால் வாடகைகூட வராது. உண்மை. ஆனால் வருடம் தவறாமல் ஆனுவல் டேக்குப் பந்தல், ஒலி, லைட்டு, உடை என்று ஒவ்வொரு தனியார் பள்ளியும் செலவழிக்கிறதே, அதில் ஒரு பங்கு போதும், ஒரு நல்ல குழுவைக் கூப்பிட்டு வகுப்பு வகுப்பாக நாடகம் காட்டிவிடலாம். அரசுப் பள்ளிக்கு அரசுதான் செய்ய வேண்டும். இது தயவு கேட்பது இல்லை. குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, விளையாட்டோடும் ஓய்வோடும் சேர்த்து, கலை வாழ்வில் முழுமையாகப் பங்கெடுப்பதையும் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றிருக்கிறது. தடுப்பூசிக்கும் சத்துணவுக்கும் ஊருக்கு ஊர் ஏற்பாடு செய்யத் தெரிந்த மாநிலம் இது. மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நாடகக் குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்றால் நம்ப மாட்டேன்.

*

இதுவரை பெற்றோரையும் பள்ளியையும் திட்டியாயிற்று. கைதட்டியிருப்பீர்கள். இப்போது நம் ஆட்களுக்கு வருகிறேன்.

நவீன நாடகக்காரர்களே, குழந்தைகள் பக்கம் நீங்கள் எப்போது வருகிறீர்கள்? மே மாதம். கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு. 'தன்னம்பிக்கை, மேடைக்கூச்சம் போக, ஆளுமை வளர்ச்சி.' வாடகை கட்ட அது தேவை என்று எனக்குத் தெரியும், நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயும் குழந்தை நடிக்கிறது, அப்பா அம்மா பார்க்கிறார்கள். கடைசி நாள் சர்டிபிகேட். வருடத்துக்கு ஒரு தயாரிப்பு, உங்கள் சிறந்த நடிகரை வைத்து, உங்கள் சிறந்த ஒளியமைப்பாளரை வைத்து, ஐந்து வயதுப் பார்வையாளருக்காகச் செய்ய உங்களைத் தடுப்பது காசு மட்டும்தானா? 'குழந்தைகள் நாடகம் போடறவர்' என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம் இல்லையா?

இலக்கிய வாசகர்களே, அதாவது நானே, நாம் பிரெக்டின் அந்நியப்படுத்தலைப் பற்றி இரவு இரண்டு மணி வரை விவாதிப்போம். நடிகன் நடிகனாகவும் பாத்திரமாகவும் ஒரே நேரத்தில் தெரிவதைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக எழுதுவோம். ஒரு குடை ஒரே நேரத்தில் குடையாகவும் வவ்வாலாகவும் இருக்க முடியும் என்பதில் எந்தச் சிக்கலும் இல்லாத ஒரே பார்வையாளர் கூட்டம் வீட்டில் நம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் நாமே கொடுத்துவிட்டு வந்திருப்போம், நிம்மதியாக விவாதிக்க. நாடக விமர்சனம் எழுதுகிற எத்தனை பேர் ஒரு குழந்தைகள் நாடகத்தை, நடிப்பு எப்படி, பிரதி எப்படி, எங்கே தொய்ந்தது என்று பொருட்படுத்தி எழுதியிருக்கிறோம்? 'குழந்தைகள் மகிழ்ந்தனர்' என்று ஒரு வரி. கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட அதைவிட நீளமாக விமர்சனம் வைப்போம்.

நான் பார்த்த அந்த நாடகத்திலும் குறை உண்டு. நடுவில் பத்து நிமிடம் இழுத்தது. படகுக் காட்சியில் பையன் அதிகமாகக் குழைந்தான், குழந்தை என்றால் குழைய வேண்டும் என்ற பழைய நோய். ஒரு பின்னணி இசைத் துண்டு தேவையே இல்லை. இதைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். பெரியவர்கள் நாடகத்துக்குச் சொல்வோமே, அதே போல.

கேட்பது ரொம்பக் கொஞ்சம். பள்ளிக்கூட மீட்டிங்கில் 'இந்த வருஷம் ஒரு நாடகம் காட்டுங்க, எங்க பொண்ணு ஆடலைன்னாலும் பரவாயில்லை' என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். நாடகத்துக்குக் கூட்டிப்போனால் போனைப் பையில் வைத்துவிட வேண்டும். முடிந்து வரும் வழியில் 'என்ன கத்துக்கிட்ட?' என்று கேட்காமல் இருக்க வேண்டும். இதில் கடைசிதான் கஷ்டம். எனக்கே நாக்கு நுனி வரை வந்துவிடும்.

அன்றைக்கு அந்த நாற்காலிக்காரர் பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார். நடிகர் என்னமோ சொல்லிச் சமாளித்தார், பகிர்வு, பொறுப்பு என்று. அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு மகனைத் தேடினார். பையன் மேடையில் இருந்தான். குடைத் தாத்தாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பி ஒடிந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு, ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். "வாடா, லேட்டாச்சு" என்றார் அவர்.

"இருப்பா," என்றான் பையன். "மழை வருது."